அப்பாவின் நோட்டும் மகனின் கணக்கும்

குடல் அழற்சி நோயுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

வணக்கம். வியாழக்கிழமைகளில் மதுரையில் சிறுவர் குடல்நோய்ப் பிரிவின் வராந்தாவில் காத்திருப்பவர்கள் என்றால் என்னைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஃபைல், கையில் நீளமான கணக்கு நோட்டு. "உங்கள் பையனுக்கு என்ன, குரோன்ஸா, அல்சரேட்டிவா?" என்று, குடல் அழற்சியின் இரண்டு வகைகளில் எது என்று கேட்டு, நானாகவே வலியப் பேச்சுக் கொடுத்திருப்பேன். எடை எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு, எந்த மாத்திரை, யார் பேச்சைக் கேட்டு எந்த வைத்தியரிடம் பணத்தை விட்டோம் என்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடுவோம். பக்கத்திலேயே பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். யாருடைய குடலைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். உள்ளே போனாலும் இதே கதைதான். மீசை அரும்பிய பையனைப் பார்த்து டாக்டர் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பார். "பரவாயில்லை டாக்டர், மூன்று நாளாகத்தான் பசி எடுக்கிறது" என்று அம்மா பதில் சொல்வார்.

என் வீட்டில் அப்படிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். மூன்று வருடம்.

என் மகனுக்கு இப்போது 14 வயது. ஒன்பதாம் வகுப்பு. நோய் தெரிந்தபோது வயது 11. வலியும் வயிற்றோட்டமும் தொடங்கிய முதல் ஆறு மாதம் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் தடவித் தட்டினார்கள். ஓமத்தண்ணீர், மாதுளந்தோல் கஷாயம், பூச்சி மருந்து என்று ஒரு சுற்று முடிந்தது. பிறகுதான் குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி. குடல் காசநோயும் குரோன்ஸும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், நம் நாட்டில் பலருக்கும் நடப்பதுபோல, முதலில் காசநோய் மருந்துதான் கொடுத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து அவன் வெலவெலத்துப் போனான். இரண்டு மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள், புண் ஆறியிருக்கவில்லை. அதன் பிறகே குரோன்ஸ் என்று முடிவானது. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் புண், கொஞ்சம் சுருக்கம். பெயரைக் கேட்டதும் என் மாமியார், "யாருக்கு யார்மேல் குரோதம்?" என்றார். 1932-இல் நியூயார்க்கில் இந்த நோயைப் பற்றி எழுதிய மருத்துவர் ஒருவரின் பெயர் அது என்று அவருக்கு விளங்கவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் நோட்டுப் போடுவது. போட்டேன். காலை இட்லி எத்தனை, மதியம் சோறு எவ்வளவு, மாத்திரை எத்தனை மணிக்கு, எடை என்று கட்டம் கட்டமாகக் கோடு இழுத்து, கடைசிக் கட்டத்தில் வெளிக்கு எத்தனை தடவை என்று எழுதுவேன். இரவு ஒன்பது மணிக்கு நோட்டோடு அவன் முன்னால் உட்காருவேன். "எத்தனை?" என்பேன். "இரண்டு" என்பான். எழுதிக்கொள்வேன். பக்கம் பக்கமாக இரண்டு, இரண்டு, இரண்டு. டாக்டரிடம் நீட்டினால் "நன்றாக எழுதியிருக்கிறீர்கள்" என்பார். ஆடிட்டரே பாராட்டியதுபோல் குளிர்ந்து போவேன்.

எடை மட்டும் நோட்டுக்கு ஒத்துவரவில்லை. ஜூனில் 31 கிலோ. மறு ஏப்ரலிலும் 31. வகுப்பில் மற்ற பையன்கள் எல்லாம் மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தார்கள். போன வருடச் சட்டை இவனுக்கு அப்படியே பொருந்தியது. துணிச் செலவு மிச்சம் என்று நான் வேடிக்கையாகச் சொல்லியும் இருக்கிறேன். எழுதக் கூசுகிறது.

மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்ற புரதத்தை அளப்பார்களே, உங்களுக்குத் தெரியும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் நிம்மதி. 250-ஐத் தாண்டினால் உள்ளே புண் விழித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுவார்கள். அந்த ஏப்ரலில் அவனுக்கு 1,140. டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார், என் நோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் ஒரு பத்து நிமிடம் வெளியே இருங்கள்" என்றார்.

பெற்ற அப்பனை வெளியே போகச் சொல்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பத்து நிமிடம் அரைமணி நேரம் ஆயிற்று. கதவு திறந்தபோது மகன் தலை குனிந்திருந்தான். "அப்பாவிடம் நீயே சொல்லிவிடுகிறாயா?" என்று டாக்டர் கேட்டார். தலையை ஆட்டினான். அங்கே சொல்லவில்லை. ரயிலில் சொன்னான். திருமங்கலம் தாண்டும்வரை வாயே திறக்கவில்லை. அப்புறம், வெளியே பார்த்துக்கொண்டே, "நான் ஏன் எப்போதும் ரயிலில்தான் போக வேண்டும் என்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லையே அப்பா" என்றான்.

உண்மைதான். பஸ்ஸில் போனால் நினைத்த நேரத்துக்கு ஏறலாம், நினைத்த நேரத்துக்குத் திரும்பலாம். இவனோ இருட்டில் எழுந்து குளிக்க வேண்டியிருந்தாலும் ரயில்தான் என்று ஒற்றைக்காலில் நிற்பான். சன்னல் ஓர ஆசை, சிறுபிள்ளைத்தனம் என்று திட்டியிருக்கிறேன். ரயிலில் கழிப்பறை இருக்கிறது. விஷயம் அவ்வளவுதான். பஸ்ஸில் போயே தீர வேண்டிய நாட்களில் முந்தின இரவே சாப்பாட்டை நிறுத்திவிடுவானாம்.

விருதுநகர் வருவதற்குள் மற்றவையும் வந்துவிழுந்தன. காலை டியூஷன் முடிந்து சாப்பிட அவன் அம்மா டப்பாவில் வைத்துக் கொடுக்கும் நான்கு இட்லியும் கூட்டாளிக்குப் போயிருக்கின்றன. வயிறு காலியாக இருந்தால் பள்ளியில் அவசரம் வராது. பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருவன் உள்ளே போனால் வெளியே நான்கு பேர் நின்று நேரம் எண்ணுவார்கள். தண்ணீர் பாட்டில் கதையும் அதேதான். மாலை மணி அடித்ததும் முழு பாட்டிலையும் மைதானத்து வேப்பமரத்தில் ஊற்றிவிட்டு வருவான். காலி பாட்டிலைப் பார்த்து அவன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நானும் நோட்டில் ஒரு லிட்டர் என்று எழுதுவேன். அந்த வேப்பமரம் குடித்த தண்ணீரெல்லாம் என் மகன் கணக்கில் இருக்கிறது.

புத்தகப் பையின் அடியில், பழைய அட்லஸுக்குள், மடித்துவைத்த உள்ளாடை ஒன்று. வகுப்பில் கடைசி பெஞ்சு, கதவோரம். உருப்படாத பயல்களோடு உட்காருகிறான் என்று ஆசிரியரிடம் சொல்லி அவனை முதல் பெஞ்சுக்கு மாற்றவைத்தது யார்? சாட்சாத் நான்தான். மாற்றிய ஒரு வாரத்தில் அவனுக்குக் "காய்ச்சல்" வந்து நான்கு நாள் பள்ளிக்குப் போகவில்லை. அந்தக் காய்ச்சலையும் வெப்பமானி இல்லாமலேயே நோட்டில் ஏற்றியிருக்கிறேன்.

கடலைமிட்டாயைப் பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம்; கோவில்பட்டியில் எந்த வீட்டுக்குப் போனாலும் கையில் திணிப்பார்கள். சுருக்கம் உள்ள குடலுக்குக் கடலை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாராவது நீட்டினால் நான் குறுக்கே பாய்ந்து, "அவனுக்குப் பல்வலி" என்று ஒரு பொய்யை எடுத்துவிடுவேன். உடனே கிராம்பு வைக்கச் சொல்வார்கள், பல் டாக்டர் பெயர் சொல்வார்கள், பேச்சு வளரும், பையன் கூனிக் குறுகி நிற்பான். நான் இல்லாத இடங்களில் அவன் வழி வேறு. சிரித்த முகமாக வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். தெருமுனையில் யாராவது சின்னப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவான். கொடுத்தவருக்கும் மகிழ்ச்சி, வாங்கியவனுக்கும் பிரச்சினை இல்லை. இவ்வளவு எளிதான ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை.

நோயை அடக்கிவைக்கக் கொடுத்த அசாதயோபிரின் மாத்திரையைக் காலையில் போட்டால் குமட்டுகிறது என்று தானாகவே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொண்டிருக்கிறான். வலி தாங்காத நாட்களில் மருந்துக்கடையில் "அம்மாவுக்குத் தலைவலி" என்று சொல்லி இபுப்ரோஃபென் வாங்கிப் போட்டிருக்கிறான். இதைச் சொன்னபோது மட்டும் குரல் கொஞ்சம் உடைந்தது.

"சரி, எத்தனை தடவைதான் போவாய்?" என்று கேட்டேன். ஐந்து, சில நாள் ஆறு. இரவில் ஒரு தடவை. "பிறகு ஏன் தினமும் இரண்டு என்றாய்?" அவன் சொன்ன பதிலை என் சொற்களில் எழுதுகிறேன். ஒன்று என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். மூன்று என்றால் அம்மா அழுவாள், பாட்டி விரதம் இருப்பாள். நான்கு என்றால் கிரிக்கெட் நிற்கும், டியூஷன் நிற்கும், மறுபடி குழாய் விட மதுரைக்குப் போக வேண்டும், நான் ஆபீசில் லீவு சொல்லி முதலாளியிடம் ஏச்சு வாங்க வேண்டும். இரண்டு என்றால் வீடு அமைதியாக இருக்கும். கணக்கு டேலியாவதற்காக ஒரு தொகையைப் போட்டு வைப்போமே, அந்தத் தொகை அது. நான் அவன் நோயைக் கவனித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்த காலமெல்லாம் அவன் நோயையும் கவனித்து, எங்களையும் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சாத்தூரில் ரயில் நின்றபோது எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல்தான். பொய் சொல்லிவிட்டானே என்று. கோவில்பட்டி வந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான், பொய் சொல்ல அவனுக்குப் பாடம் எடுத்தது யார் என்று உறைத்தது. "யாரிடமும் சொல்லாதே" என்று முதல் நாளே சொன்னவன் நான். பள்ளியில் அல்சர் என்று சொல், சொந்தக்காரர்களிடம் பல்வலி என்று சொல், பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்று சொல். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை இன்னும் அழுத்திச் சொல்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், "நாளைக்கு ஒரு நல்ல இடத்தில் கொடுக்க வேண்டாமா?" என்று ஒரு தாய் அந்த வராந்தாவில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஆனால் பிள்ளைகள் நாம் சொல்வதை அட்சரம் பிசகாமல் கேட்கிறார்கள். யாரிடமும் சொல்லாதே என்றோம். அந்த யாரில் நம்மையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இதற்கு வேறொரு விலையும் உண்டு. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள மாணவர்கள் தேர்வு அறைக்குள் தின்பண்டம் கொண்டுபோகலாம் என்று 2017-இல் சிபிஎஸ்இ அனுமதி கொடுத்தது. அந்தப் பிள்ளைகளின் நோய் வெளியே தெரிந்திருந்தது. நம் பிள்ளைகளுக்குத் தேர்வு நடுவில் இரண்டு தடவை எழுந்துபோக வேண்டும், அந்த நேரத்தை ஈடுகட்டித் தர வேண்டும். கேட்க வேண்டியவர்கள் நாம்; நாமோ பல்வலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் இந்த நோய் கிடையாது என்பதால் சட்டத்தைக் காட்டிக் கேட்கவும் வழியில்லை; தலைமை ஆசிரியரிடம் நேரில் போய் உள்ளதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். நான் போனேன். வியர்த்துக் கொட்டியது. அவர் பாதி புரிந்துகொண்டார். கதவோரப் பெஞ்சு திரும்பக் கிடைத்தது, ஆசிரியர் கழிப்பறைச் சாவி ஒன்று கிடைத்தது. தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஆலி பெயின் என்ற பெண்ணைப் பற்றி மகன் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். அவளுக்கும் குரோன்ஸ், அவளுக்கும் 14 வயது. ஒரு கடையில் அவசரத்துக்குக் கழிப்பறை கேட்டபோது ஊழியர்களுக்கு மட்டும்தான் என்று மறுத்துவிட்டார்கள். அவளும் அம்மாவுமாக மக்கள் பிரதிநிதியைப் பார்த்துப் பேசி, 2005-இல் அங்கே சட்டமே வந்தது: இப்படிப்பட்ட நோயுள்ளவர்கள் கேட்டால் கடைக்காரர் ஊழியர் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும். நான் சட்டத்தைப் பற்றி வியந்துகொண்டிருந்தேன். அவனோ, "கடையில் மறுத்தபோது அவளுடைய அம்மா அவளைத் திட்டவில்லை போலிருக்கிறது" என்றான். போன பொங்கலுக்குத் துணி எடுக்கப் போன இடத்தில் "வீட்டிலேயே போய்விட்டு வருவதற்கென்ன?" என்று நான் பல்லைக் கடித்தது எனக்கும் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நோய் உறுதியானதும் ஆறு வாரம் சாப்பாடே கிடையாது, ஊட்டச்சத்துப் பானம் மட்டும்தான் என்று டாக்டர் சொன்னார். பிள்ளைகளுக்குக் குரோன்ஸ் என்றால் ஸ்டீராய்டுக்கு முன் இதைத்தான் முயல்வார்கள். உங்களில் பலர் இந்த ஆறு வாரத்தைக் கடந்திருப்பீர்கள். பிள்ளை பார்க்கச் சாப்பிடுவதா என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு போட்டேன். அவன் தூங்கிய பிறகு சமையல். தாளிப்பு வாசம் வரக்கூடாது என்று ரசம்கூடக் கொதிக்காத வீடாக இருந்தது. கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டே தயிர்சோற்றை விழுங்குவோம். பெரிய தியாகம் செய்வதாக நினைப்பு. அந்த ஆறு வாரத்தில் எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று மூன்று வருடம் கழித்து அவனிடம் கேட்டேன். பானத்தின் ருசி என்பான் என்று எதிர்பார்த்தேன். "நீங்கள் எல்லோரும் ஒளிந்து ஒளிந்து சாப்பிட்டதுதான்" என்றான். டம்ளரோடு எங்கள் பக்கத்தில் உட்கார அவனுக்கு ஆசையாக இருந்திருக்கிறது. மூன்றாவது நாளே பசி அடங்கிவிட்டதாம். தனியாக உட்கார்ந்து குடிப்பதுதான் தொண்டையில் இறங்கவில்லையாம்.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது டாக்டரிடம் எல்லாவற்றையும் அவனே வரிசையாகச் சொன்னான். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். மாத்திரையை இரவுக்கு மாற்றியது சரி, ஆனால் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். ரயில், கதவோரம், மாற்றுத்துணி எல்லாம் சரி. கடலைமிட்டாய் விவரத்தைக் கேட்டுச் சிரித்தே விட்டார். பட்டினிக்கும் தண்ணீர் குடிக்காததற்கும் முகம் மாறியது. வளர்கிற வயதில் நோய் பாதி தின்கிறது, மீதியை நீ பட்டினி போட்டுக் கொடுக்கிறாய் என்றார். இபுப்ரோஃபெனுக்குத்தான் கடுமையாகப் பேசினார், அது குடல் புண்ணைக் கிளறிவிடக்கூடிய மாத்திரை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், யாருமே சொல்லிக்கொடுக்காத பாடத்தில் பையன் பாதிக்கு மேல் மதிப்பெண் வாங்கியிருந்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் அவர்களிடமே விட்டுவிடச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. பொறுப்பை ஒரேயடியாகப் பிள்ளை தலையில் இறக்கினால் முதலில் தவறிப்போவது மாத்திரைதான். இந்த வயதில் அது எல்லா நாட்டிலும் நடப்பது என்று டாக்டரும் சொன்னார். இப்போதும் மாத்திரை அட்டையை வாரம் ஒருமுறை நான் எண்ணிப் பார்க்கிறேன், அவனுக்குத் தெரிந்தே. விட்டுவிடச் சொல்லவில்லை, அவர்கள் ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள் என்கிறேன். கேட்கும்போது முகத்தை வைத்துக்கொள்ளும் விதம் முக்கியம். "ஆறு தடவை" என்று பிள்ளை சொன்ன மறுகணம் "ஐயோ" என்று ஒரு சத்தம் வந்தால், மறுநாளிலிருந்து இரண்டுதான்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். தினமும் எத்தனை என்று நான் கேட்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை இரவு மட்டும் கேட்கலாம். அதற்குப் பதிலாக, ரத்தம் கண்டாலும், இரவில் வயிற்றுக்காகத் தூக்கம் கலைந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அவனாக அன்றே சொல்ல வேண்டும். சொன்னால் கிரிக்கெட் நிற்காது என்று நான் வாக்குக் கொடுத்தேன். அவன் அம்மா கையெழுத்துப் போட மறுத்தாள். இரண்டு வாரம் கழித்துப் போட்டாள்.

ஆகஸ்டில் ஒருநாள் விடிகாலை மூன்று மணி இருக்கும். என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றான். "அப்பா, நேற்றும் எழுந்தேன், இன்றும் எழுந்துவிட்டேன்." என் வாய்வரை வந்த "ஐயோ"வை விழுங்கிக்கொண்டு, "சரி, காலையில் டாக்டருக்குப் போன் பண்ணுவோம்" என்றேன். "நானே பண்ணுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அதன் பிறகுதான், காசநோய் இல்லை என்று மறுபடி சோதித்துவிட்டு, இன்ஃப்ளிக்சிமாப் என்ற, அழற்சியை அடக்கும் ஊசி மருந்தைத் தொடங்கினார்கள். முதல் ஊசிக்குப் பிறகு இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், அப்புறம் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. தேதிகளைக் காலண்டரில் வட்டம் போடுவது அவன் வேலை. எடை இப்போது 36. நோட்டு அவனிடம் போய்விட்டது. என் கட்டங்களை அடித்துவிட்டு ஏதோ சுருக்கெழுத்தில் எழுதிவைத்திருக்கிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, டாக்டருக்கு விளங்குகிறது.

அடுத்த ஊசிக்கு வரும் வியாழக்கிழமை வருகிறோம். வந்தால் பார்க்கலாம், ரயிலில்தான் வருவோம். வராந்தாவில் இடதுபக்கம் கடைசி பெஞ்சு, கழிப்பறைக் கதவை ஒட்டினாற்போல் இருக்கும். வாடை கொஞ்சம் அடிக்கும். இடம் தேர்ந்தெடுத்தவன் அவன்.

இப்படிக்கு,
கோவில்பட்டியிலிருந்து ஒரு தகப்பன்